எல்லோரும் எழுந்தபோது

ஜனவரி 5, ஞாயிறு

நேற்று மாலை கோகிலவாணியின் நாடகம். எனக்கு ஏழாவது வரிசை, நடைபாதை ஓரம். முடிந்ததும் அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் எழவில்லை. உட்கார்ந்தபடியே கைதட்டினேன். போதுமான அளவு தட்டினேன். இதை இங்கே எழுதி வைக்கக் காரணம், நான் கைதட்டவே இல்லை என்று இன்னும் இரண்டு நாளில் ஊர் சொல்லும்.

இருபத்தைந்து வருடமாக என் மனைவியாக இருப்பவள், தபால் நிலையத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய இரண்டாம் மாதமே நடிகையாகிவிட்டாள். நாடகத்தின் பெயர் ‘லோடு’. லாரியில் லோடு ஏற்றிப் போன கணவன் திரும்பவில்லை. பாப்பாத்தி என்ற அவன் மனைவி காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் ஒரு போலீஸ்காரர் வந்து விபத்துச் செய்தி சொல்கிறார். பாப்பாத்தி ஓலமிட்டு மேடையின் விளிம்புவரை ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டு விழுகிறாள். சிவப்பு விளக்கு. பறை. இருட்டு. உடனே எல்லோரும் எழுந்துவிட்டார்கள், பேருந்து நிலையத்தில் பேருந்தைக் கண்டதும் எழுவதுபோல.

போன ஆண்டு கோவையில் நான் பார்த்த நாடகங்கள் பதினான்கு. பதினான்குக்கும் எழுந்து நின்றார்கள். ஒன்றில் அரண்மனைத் தூண் சாய்ந்து அமைச்சர் மேல் விழுந்தது. அதற்கும் எழுந்தார்கள். நேற்று எனக்கு முன்னால் இருந்தவர் நாடகம் முழுக்க செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துள்ளி எழுந்து விசில் அடித்தவர் அவர்தான். என் பக்கத்து அம்மாள் இரண்டாம் காட்சி முழுவதும் ஒரு முறுக்கு டப்பாவின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். அவரும் எழுந்தார். எழுந்தவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

“முட்டி வலிங்களா?”

“இல்லைங்க. கடைசி சீன் பிடிக்கலை.”

“பிடிக்காம எதுக்குங்க வந்தீங்க?”

“நடிச்சது என் சம்சாரம்.”

அவர் தன் கைப்பையை என் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஆட்டோவில் கோகிலா பேசவில்லை. வீட்டில் என் தட்டில் இட்லி வைத்தாள். சட்னி வைக்கவில்லை.


ஜனவரி 6, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. பேச்சும் வரவில்லை.


ஜனவரி 8, புதன்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு படம் போட்டிருக்கிறார். மேடையிலிருந்து எடுத்தது. அரங்கம் முழுக்க நிற்கும் மனிதர்கள், நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் நான். கைகள் மடியில். தட்டி முடித்த பிறகு எடுத்திருக்கிறார்கள்.

“பி பிளாக் கோகிலவாணி மேடத்துக்குப் பாராட்டுகள்!” என்று தலைப்பு. யாரோ என்னைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு, “இவரு யாருங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“மேடத்தோட வீட்டுக்காரருங்க.”

“சார் தூங்கிட்டாருங்களா?”

நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கும் படம் போய்விட்டது. கணிதத் துறைத் தலைவர் ஜெகந்நாதன், என்னைவிட இரண்டு வயது இளையவர், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் எட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவர், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

“என்னங்க திருமூர்த்தி, தேசபக்தரே இப்படி உக்காந்துட்டா நாடு என்னாகறதுங்க?”

பழைய ஆட்கள் சிரித்தார்கள். புதியவர்கள், தலைவர் சிரிக்கிறாரே என்று சிரித்தார்கள். அந்தப் பட்டப்பெயரின் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

1998 டிசம்பர். கல்லூரியின் வெள்ளி விழா. பகல் முழுக்கச் சொற்பொழிவுகள், கடைசி நிகழ்ச்சி நான் எழுதி இயக்கிய நாடகம். முடிந்ததும் மேடைக்கு வந்து கைகூப்பினேன். நானூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஒருவர் விடாமல். அந்தக் காலத்தில் இங்கே நாடகத்துக்கு யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல்வரைப் பார்த்து ஒரு முறை, மாணவர்களைப் பார்த்து ஒரு முறை, மாடியைப் பார்த்து ஒரு முறை என்று இடுப்பு வளைய வணங்கினேன். மூன்றாவது வணக்கத்தில் ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் ஆரம்பித்தது.

விழா முடிந்தால் நாட்டுப்பண். அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தது. அவர்கள் அதற்குத்தான் எழுந்திருந்தார்கள். வளைந்த முதுகை நிமிர்த்தி, துடைக்கவும் முடியாமல், கன்னத்தில் நீரோடு ஐம்பத்திரண்டு விநாடி விறைப்பாக நின்றேன். மறுநாள் காலை தேநீர்க் கடையில் ஜெகந்நாதன், “என்ன பக்திங்க உங்களுக்கு! தேசத்தை நெனச்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு” என்றார். அன்றிலிருந்து நான் தேசபக்தர்.

அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை. பாடவேளைகள் அதிகமாகிவிட்டன.

அந்த நானூறு பேரில் கோகிலாவும் ஒருத்தி. அவள் அண்ணன் தண்டபாணி அப்போது எங்கள் கல்லூரி நூலகர். தங்கையைக் கூட்டிவந்திருந்தார். அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அன்று அவள் எதற்காக எழுந்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.


ஜனவரி 9, வியாழன்

மகள் புனேயிலிருந்து அழைத்தாள். “ஏம்ப்பா, அம்மாவுக்காக ஒரு நிமிஷம் எந்திரிச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.


ஜனவரி 11, சனி

ஆறு நாளைக்குப் பிறகு கோகிலா பேசினாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“பதினோரு ஷோ பண்ணியிருக்கோம். பதினொண்ணுலயும் ஜனங்க எந்திரிச்சு நின்னாங்க. உள்ளூர்ல, என்ற வீட்டுக்காரரு மட்டும் நட்ட கல்லாட்டம் உக்காந்திருக்காரு. மேடையில இருந்து எனக்கு வேற ஒண்ணுமே தெரியலீங்க. உங்க தலைதான் தெரிஞ்சுது.”

எழுந்து நிற்பது மிக அபூர்வமான ஒன்றுக்குத் தரவேண்டிய மரியாதை, எல்லாவற்றுக்கும் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை, முதல் வகுப்பு எல்லோருக்கும் போட்டால் படித்தவனுக்கு என்ன மீதி என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: “அதெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு எந்திரிக்காதவங்களுக்காக நீங்க எனக்கு எந்திரிக்கல.”

கையிலிருந்த கிளிப்புகளை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.


ஜனவரி 13, திங்கள்

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வாங்கி வந்து வாசல் நிலையில் செருகினேன். பரண் சுத்தம் செய்ததில் பழைய வினாத்தாள்களும் ஒரு செத்த பல்லியும் கிடைத்தன. வேறொன்றும் கிடைத்தது. வெள்ளி விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் பிரதி. எரிக்க வேண்டிய குவியலில் வைத்தேன். பிறகு பார்த்தபோது குவியலில் அது இல்லை. நான் எடுக்கவில்லை.


ஜனவரி 16, வியாழன்

மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். நாலு நாளாக ‘உப்பு’, ‘மோட்டார்’, ‘கேஸ்காரன்’ என்று ஒற்றைச் சொற்களில் குடும்பம் நடந்தது. திடீரென்று, தலை நிமிராமல், “எந்த எடம்?” என்றாள்.

“எதுல?”

“நடிக்காதீங்க. அது என்ற வேலை.”

“கடைசி சீன். போலீஸ்காரர் சொன்னதும் நீ ஓடி வர்றியே, அது பொய்.”

“அந்த எடத்துலதானுங்க ஜனங்க அழுவறாங்க.”

“அழட்டும். நீ அப்படி அழ மாட்டே.”

“நான் இல்லீங்க அது. பாப்பாத்தி.”

“பாப்பாத்திக்கு உன்னை விட்டா வேற யாரு இருக்கா?”

காயை உரிப்பதை நிறுத்தினாள். நானும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

“உங்கம்மா போன அன்னிக்கு உங்கண்ணன் போன் பண்ணினாரு. நீ எடுத்தே. ‘ஒரு நிமிஷம் இருண்ணா’ன்னு ரிசீவரை மேஜை மேல வெச்சுட்டு சமையக்கட்டுக்குப் போனே. அடுப்புல இருந்து பாலை இறக்குனே. ஆத்துனே. உறை ஊத்துனே. தட்டு போட்டு மூடி, மேல குழவிக்கல்லை வெச்சே. பூனை வரும்ல. பொறவுதான் வந்து போனை எடுத்து, ‘ம், சொல்லுண்ணா’ன்னே. அவரு ஏற்கெனவே சொல்லிட்டாரு. நீ மறுபடியும் சொல்லச் சொன்னே.”

ஒரு மொச்சை உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. இருவரும் எடுக்கவில்லை.

“பதினோரு வருசம் ஆச்சு. உங்களுக்கு எப்படி இதெல்லாம் நெனப்பிருக்குது?”

“நான் அங்கதானே நின்னுட்டு இருந்தேன்.”

காரியம் முடிந்து நாங்கள் ஊரிலிருந்து திரும்பியபோது அந்தத் தயிர் புளித்து நுரைத்துக் கிடந்தது. அவள் அதைக் கொட்டவில்லை. கடைந்து மோராக்கி, மூன்று நாள் அவளே குடித்தாள். இதை இன்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

குழம்பு நன்றாக இருந்தது.


ஜனவரி 19, ஞாயிறு

ஒத்திகைக்கு என்னையும் வரச்சொன்னாள். சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். இயக்குநர் சரண்ராஜ் கார் ஷோரூமில் வேலை பார்க்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எதிரே வருபவர் எல்லோரிடமும் ஏதோ விற்பதுபோலவே பேசுவார்.

“வாங்க சார், வாங்க. ஊரே எந்திரிக்கிற சீனை மாத்தோணும்னு சொல்லிட்டீங்களாமா. அக்கா மூணு நாளா என்ற உயிரை எடுக்கறாங்க.”

கோகிலா நடித்துக்காட்டினாள். போலீஸ்காரராக நடிப்பவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் மாரிமுத்து. அவர் செய்தியைச் சொன்னார். பாப்பாத்தி, “இருங்க, அடுப்புல பாலு” என்றாள். திரும்பினாள். இல்லாத அடுப்பிலிருந்து இல்லாத பாலை இறக்கினாள். ஆற்றினாள். ஒரு டம்ளரில் காப்பி கலந்து கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். “சக்கரை பத்துதான்னு பாருங்க” என்றாள். அவ்வளவுதான். அதோடு விளக்கு அணைய வேண்டும்.

மாரிமுத்து டம்ளரை வாங்கவில்லை. தன் அடுத்த வசனத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

சரண்ராஜ் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. ஆனா எங்க கைதட்டறதுன்னு தெரியலையே.”

மண்டபத்தின் மின்விசிறி ஒன்று கரகரவென்று சத்தம் போட்டது. வாட்ச்மேனிடம் எண்ணெய் விடச்சொன்னேன். “நீங்க யாருங்க சொல்றதுக்கு?” என்றார். சரியான கேள்வி.


ஜனவரி 24, வெள்ளி

உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்கள் அறுபத்தெட்டு. ஜெகந்நாதன் இன்றைக்கே கேட்டார். திங்கட்கிழமை கொடுப்பேன்.


பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று ஈரோட்டில் ‘லோடு’. புதிய முடிவோடு முதல் காட்சி. நானும் போயிருந்தேன்.

கோகிலா டம்ளரை நீட்டினாள். விளக்கு அணைந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. இருட்டில் யாரோ, “கரண்ட் போச்சா?” என்றார்கள். விளக்கு வந்தபோது நடிகர்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். அப்போதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்து தட்டினார்கள். நல்ல கைதட்டல்தான். ஆனால் யாரும் எழவில்லை. முன்னூறு பேரும் உட்கார்ந்தபடி தட்டினார்கள், என்னைப் போலவே. நான் இருபத்தாறு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அரங்கில் புழுக்கம் அதிகம்.

பிளாஸ்கோடு ஒப்பனை அறைக்குப் போனேன். கோகிலா கண்ணாடி முன்னால் எண்ணெய் போட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, திரைக்கு அந்தப் பக்கம், சரண்ராஜ் தன் மைத்துனரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாப்ள எந்திரிக்கல? உன்னையும் கதிரேசனையும் மூணாவது வரிசையில எதுக்கு உக்கார வெச்சிருக்குது?”

“முடிஞ்சுதான்னே தெரியலீங்க மாமா. அக்கா காப்பி குடுக்கறாங்க, அடுத்த சீன் வரும்னு உக்காந்திருந்தோம்.”

“பதினோரு ஷோவுக்கும் கரெக்டா எந்திரிச்சீங்கல்லடா!”

“அப்பல்லாம் பறை அடிப்பாங்க. அது சிக்னலு. இப்ப சிக்னலே இல்லைன்னா எப்படிங்க எந்திரிக்கறது?”

கோகிலாவின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். நான் காப்பியை ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு பாதி முகத்தில் பாப்பாத்தியின் பொட்டும் மையும் அப்படியே இருந்தன. அதோடுதான் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தாள்.


பிப்ரவரி 3, திங்கள்

சரண்ராஜ் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்.

“அதெல்லாம் எல்லாக் குழுவும் பண்றதுதானுங்கக்கா. நாலு பேர் மொதல்ல எந்திரிச்சு வழி காட்டறது. பொறவு எந்திரிச்சவங்க நெசமாத்தானே எந்திரிச்சாங்க?”

“எது நெசம், எது உங்க மச்சான்னு நான் எப்படிங்க தம்பி பிரிச்சுப் பாக்கறது?”

“பழைய அழுகையே வெச்சுக்கலாங்கக்கா. சாரோட ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா ஜனங்களுக்கு எட்டல. பதினஞ்சாந் தேதி திருப்பூர் ஷோவுக்கு டிக்கெட் எல்லாம் போயிருச்சு.”

“வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் இனி வர்றதில்லீங்க.”

கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சரண்ராஜ் என்னைப் பார்த்தார். வருத்தமான கார் விற்பனையாளரைப் பார்ப்பது கஷ்டம்.

“உங்களுக்கு இப்ப சந்தோசங்களா சார்?” என்றார்.

ஆப்பிள் பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இல்லை என்பது பதில்.


பிப்ரவரி 5, புதன்

நேற்றும் இன்றும் அவள் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தேய்க்கிறாள். வசனக் கட்டு செய்தித்தாள் அடுக்கில் கிடக்கிறது. பழைய பேப்பர்காரர் நாளை வருவார்.

ஒரு மனிதன் ஒரே ஒரு நாள் ஏமாந்ததற்காக ஒரு காரியத்தை விட்டுவிட்டால் இருபத்தாறு ஆண்டுகளில் அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். தினம் கண்ணாடி பார்த்துத்தானே சவரம் செய்கிறேன்.

வசனக் கட்டை எடுத்து என் அலமாரியில் வைத்தேன்.


பிப்ரவரி 6, வியாழன்

இன்று கல்லூரிக்குப் போகவில்லை. ஜெகந்நாதனிடம் காய்ச்சல் என்றேன்.

பேப்பர்காரர் வந்துபோன பிறகு கோகிலா சமையலறையிலிருந்து கேட்டாள்: “அந்தக் கட்டைப் போட்டாச்சுங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

நான் பெரிய விளக்கமாகத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். கலை, தொடர் உழைப்பு என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. வாயிலிருந்து வந்தது வேறு.

“எனக்கு நாட்டுப்பண். உனக்கு மூணாவது வரிசை.”

கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. நான் மூன்று முறை வணங்கியதை, ஊரார் சொல்லக் கேட்டபடி, அவள் நடித்துக்காட்டினாள். முதல்வருக்கு, மாணவர்களுக்கு, மாடிக்கு. நான்காவதாக விறைப்பாக நின்றாள், கரண்டியைத் துப்பாக்கி போலப் பிடித்துக்கொண்டு. இருபத்தாறு ஆண்டுகளில் அந்தச் சம்பவத்துக்கு நான் சிரித்தது இதுவே முதல்முறை. வயிறு வலித்தது.

சிரிப்பு ஓய்ந்து உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். “நீ எதுக்கு எந்திரிச்சே அன்னிக்கு?”

“நான் எங்கங்க எந்திரிச்சேன்?”

“எல்லாரும்தான் எந்திரிச்சாங்க.”

“நான் உக்காந்துதான் இருந்தேன். உங்க நாடகத்துல கடைசியா அந்தப் பெரியவரு கதவைச் சாத்தாம வெளிய போயிட்டாரல்லங்க, அந்த எடத்துலயே இருந்தேன். முடிஞ்சதும் தெரியல, ஜனங்க எந்திரிச்சதும் தெரியல. பாட்டு ஆரம்பிச்சு பாதியில அண்ணன்தான் கையப் புடிச்சு மேல தூக்குனாரு. ‘ஏம்புள்ள, தேசிய கீதத்துக்குக்கூட எந்திரிக்க மாட்டியா’ன்னு வீடு வரைக்கும் திட்டிட்டே வந்தாரு.”

அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

“ரெண்டு மாசம் கழிச்சு அண்ணன் உங்களப் பத்தி வீட்டுல சொன்னப்ப, கதவைச் சாத்தாம விட்டவரான்னு கேட்டேன். ஆமான்னாரு. சரின்னுட்டேன்.”

“இத்தனை வருஷமா இதைச் சொல்லலையே நீ.”

“நீங்க கேக்கலீங்களே.”

அரிசியும் பருப்பும் சாதம் அடிப்பிடித்துவிட்டது. அடிப்பிடித்ததையும் சுரண்டிச் சாப்பிட்டேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

கோகிலா சரண்ராஜுக்குப் போன் செய்தாள். இரண்டே நிபந்தனைகள். பால் காட்சி இருக்கும். மூன்றாவது வரிசையில் மைத்துனர் இருக்கமாட்டார்.

“ஒருத்தரும் எந்திரிக்கலைன்னா என்னங்கக்கா பண்றது?” என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“உக்காந்திருப்பாங்க தம்பி. உக்காந்தா என்ன, நாற்காலிக்குத்தானே டிக்கெட் வாங்கியிருக்காங்க?”


பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடுமுறை. மாரிமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார், கூடத்தில் ஒத்திகை. டம்ளரை எந்தக் கையால் வாங்குவது என்று அரை மணி நேரம் விவாதம். என்னிடமும் கேட்டார்கள். இடது கையில் தொப்பி இருப்பதால் வலது கையை நீட்டி, வாங்காமல் நிற்கலாம் என்றேன். கோகிலா எழுதிக்கொண்டாள்.


பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று திருப்பூர்.

பார்வையாளர்கள் வழக்கம்போல. என் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு காட்சியையும் தன் மனைவிக்கு விளக்கினார். இரண்டாம் காட்சியில் ஒரு செல்போன் அடித்தது. அதன் சொந்தக்காரர், வேறு யாருடையதோ என்பதுபோல நான்கு பக்கமும் முறைத்துப் பார்த்தார். நுழைவாயிலில் சரண்ராஜ், முகத்தில் ரத்தமே இல்லாமல், வருகிறவர்களை எண்ணிக்கொண்டு நின்றார். மைத்துனர் வரவில்லை. நானே மூன்றாவது வரிசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசிக் காட்சி. மாரிமுத்து செய்தியைச் சொன்னார். “இருங்க, அடுப்புல பாலு” என்று கோகிலா திரும்பியபோது பின்னால் இருந்தவர் விளக்குவதை நிறுத்தினார். அவள் பாலை ஆற்றினாள். இந்த முறை அவசரப்படவே இல்லை. பால் ஆறும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஆற்றினாள். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண் தன் வாயைப் புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “சக்கரை பத்துதான்னு பாருங்க.” மாரிமுத்துவின் வலது கை நீண்டது. டம்ளர் வரைக்கும் போகவில்லை. விளக்கு அணைந்தது.

யாரும் கரண்ட் போச்சா என்று கேட்கவில்லை.

விளக்கு வந்தது. கைதட்டல் ஒரு மூலையில் ஆரம்பித்தது. நாலாவது வரிசையில் ஒரு வயதான பெண் எழுந்தார். மரியாதைக்கா, ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவா தெரியாது. ஆனால் எழுந்தவர் போகவில்லை, நின்று தட்டினார். பிறகு அங்கொருவர், இங்கிருவர். பாதிப்பேர் எழுந்திருப்பார்கள். பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரண்ராஜ் கதவருகில் வாயைத் திறந்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் எழுந்தவர் ஆறடி. தோள் அகலம் வேறு. மேடை முழுவதும் அவர் முதுகாகிவிட்டது. இடது பக்கம் சாய்ந்தேன், அங்கே ஒரு குடும்பம். வலது பக்கம் சாய்ந்தேன், தூண். மேடையில் கோகிலா கும்பிடுவதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எழுந்தேன். எழுந்த பிறகு கைகள் தட்டிக்கொண்டிருந்தன, எவ்வளவு நேரம் என்று தெரியாது. மற்றவர்கள் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது என்று பின்னால் இருந்தவர் தன் மனைவிக்கு விளக்கியதிலிருந்து தெரிந்தது.

திரும்பி வரும் வழியில், அவிநாசி தாண்டிய பிறகு, கோகிலா கேட்டாள்.

“எதுக்கு எந்திரிச்சீங்க?”

“மறைச்சுது.”

“பொய்.”

“ஆறடி ஆளு கோகிலா. சத்தியமா.”

“எனக்காக எந்திரிச்சிருந்தா சொல்லிருங்க. இன்னியோட நான் உங்கள நம்பறதை விட்டர்றேன். ஊருக்கே நான் நல்லா நடிச்ச மாதிரி இருக்கும். நீங்க ஒருத்தருதானுங்க உக்காந்திருந்து பாப்பீங்க. நீங்களும் எந்திரிச்சுட்டா நான் யாரைக் கேக்கறது?”

இருபத்தைந்து ஆண்டில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. துறைத்தலைவர் பதவியைக்கூட யாரும் என்னிடம் இவ்வளவு வேண்டிக் கொடுத்திருக்கமாட்டார்கள். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“அடுத்த சனிக்கெழமை பொள்ளாச்சி,” என்றாள் சிறிது தூரம் போனதும். “சரண்ராஜ் தம்பிகிட்டச் சொல்லி மொத வரிசையில சீட்டு போடச் சொல்றேன். மறைக்கறதுக்கு முன்னால ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. உக்காந்து, ஒழுங்காப் பாருங்க. டம்ளரை நீட்டற எடம் எனக்கு இன்னும் சரியா வரலைன்னு தோணுது. உங்களுக்கு?”

“பார்க்கணும்,” என்றேன். “இன்னொரு தடவை பார்த்தால்தான் சொல்ல முடியும்.”

டம்ளரை நீட்டிய இடத்தில் ஒரு குறையும் இல்லை. அதை இப்போதைக்கு இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பொள்ளாச்சிக்குப் பிறகு உடுமலை இருக்கிறது, அதற்குப் பிறகு தாராபுரம்.